லூசி சீமாட்டியின் தந்தை யார்?

அன்புள்ள தோழி,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததே பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போடு. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளா! அவள் பின்னால் ஓடவே உனக்கு நேரம் போதாது இனி. இங்கே எல்லோரும் நலம். மழைதான் விட்டபாடில்லை.

இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். 900 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த லூசி என்ற சீமாட்டியை விட்டு என்னால் நகர முடியவில்லை. செஸ்டர் பிரபுவின் மனைவி. லிங்கன்ஷயரில் ஸ்பால்டிங், போலிங்புரோக் என்று பரந்து கிடந்த நிலங்களுக்கு வாரிசு. மூன்று கணவர்கள், மூவரையும் பறிகொடுத்தவள். இவ்வளவு தெரிந்தும் அவளுடைய அப்பா யார் என்பது நூற்றாண்டுக் கணக்கில் குழப்பமாகவே இருந்தது. பத்திரப் பதிவிலேயே காலம் கழித்த உனக்கு இது பிடிக்கும் என்று தோன்றியது.

குரோலண்ட் மடத்தில் ஒரு பழைய வரலாறு இருந்தது. இங்குல்ஃப் என்ற மடாதிபதி எழுதியதாகச் சொல்லிக்கொள்ளும் நூல். லூசி மத்திய இங்கிலாந்தின் மெர்சியாவை ஆண்ட ஏல்ஃப்கார் பிரபுவுக்கு மகள், எட்வினுக்கும் மோர்காருக்கும் தங்கை என்கிறது அது. நார்மன் படையெடுப்புக்கு முன்பிருந்த பெரிய ஆங்கிலக் குடும்பம், கேட்கவே கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அந்த நூலே பிற்காலத்துப் போலி. தவிர, ஏல்ஃப்கார் இறந்தது 1062-ஐ ஒட்டி. அவர் மகளென்றால் 1130-ல் லூசிக்கு எழுபதை நெருங்கியிருக்கும். அந்த வருஷத்துக் கணக்கு சொல்வது வேறு கதை.

அந்தக் கணக்கைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அரசரின் கருவூலத்தில் வருஷா வருஷம் தோல் சுருளில் வரவும் பாக்கியும் எழுதுவார்கள். பைப் ரோல் என்று பெயர். தப்பிப் பிழைத்தவற்றில் மிகப் பழையது முதலாம் ஹென்றியின் 31-ஆம் ஆட்சியாண்டுச் சுருள், அதாவது 1130-ஆம் ஆண்டுக் கணக்கு. லூசியின் மூன்றாம் கணவர், செஸ்டர் பிரபு ரனல்ஃப் அதற்கு முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். லிங்கன்ஷயர் பகுதியில் அவள் பெயர் வருகிறது. தன் தந்தையின் நிலத்துக்காக 266 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். அதில் 166 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் கட்டிவிட்டாள், பாக்கி 100 பவுண்டு. அடுத்த வரியிலேயே, ஐந்து ஆண்டுகளுக்குள் கணவனை ஏற்க வேண்டியதில்லை என்பதற்காக 500 மார்க் வெள்ளி கடன்.

மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ், ஆக அந்த 266 பவுண்டு சொச்சம் சரியாக 400 மார்க். அப்பாவின் நிலத்துக்கு 400, ஐந்து வருஷம் தனியாக இருக்க 500! இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். விதவைகளை அவர்கள் சம்மதமின்றி மணம் முடித்துக் கொடுக்க மாட்டேன் என்று 1100-ல் முடிசூடும்போது எழுதிக் கொடுத்தவர் இதே ஹென்றிதான். எழுபதை நெருங்கிய கிழவியென்றால் இந்தப் பேரத்துக்கு இவ்வளவு விலை வந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். எல்லாவற்றையும் எழுதிய எழுத்தர் அந்தத் தந்தையின் பெயரை மட்டும் எழுதவில்லை.

தந்தையின் நிலத்துக்கு மகள் ஏன் பணம் கட்ட வேண்டும்? 1120 நவம்பரில் ‘வெள்ளைக் கப்பல்’ என்ற பெயர்கொண்ட கப்பல் மூழ்கியபோது செஸ்டரின் இளம் பிரபுவும் இறந்துபோனார். அந்தப் பட்டம் உறவுமுறையில் ரனல்ஃபுக்கு வந்தது. அதற்கு ஈடாக மனைவியின் நிலங்களை அவர் அரசரிடம் விட்டுக்கொடுத்தார் என்று அந்தக் காலத்துத் துறவி ஒருவரே எழுதியிருக்கிறார். லூசிக்கு இரண்டாம் கணவர் வழியில் பிறந்த வில்லியம், அம்மாவின் சொத்தைக் கேட்டுப் பார்த்து, கிடைக்காமல், நார்மண்டியில் கலகமே செய்தான். கணவர் விட்டதை மனைவி காசு கொடுத்து மீட்டாள் என்றுதான் அந்த வரியை நான் படிக்கிறேன்.

சரி, அப்பா யார்? மூலப் பத்திரம் கிடைக்காவிட்டால் பின்னால் வந்த பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார் என்பாயே, இங்கும் அதுதான் கைகொடுத்தது. லூசி இறந்தது 1138 வாக்கில். 1153-ல் நார்மண்டிக் கோமகன் ஹென்றி, அதாவது பிற்பாடு இரண்டாம் ஹென்றியாக அரசேறியவர், லூசியின் மகன் இளைய ரனல்ஃபுக்கு ஒரு சாசனம் தந்தார். சஃபோக்கில் ‘ஐ’ என்ற ஊர்ப் பகுதியில் ராபர்ட் மாலெட் ஆண்ட நிலங்களும் லிங்கன் ஆலனின் நிலமும் அதில் வருகின்றன. இருவரும் அவன் தாய்க்கு மாமன் முறை என்று அந்தச் சாசனமே சொல்கிறது. நிலத்துக்கு உரிமை கோர உறவைச் சொல்லித்தானே ஆக வேண்டும்! அதை வைத்துத்தான், லூசியின் தாய் ராபர்ட்டின் அப்பா வில்லியம் மாலெட்டின் மகள், தந்தை லிங்கனில் அரசரின் அதிகாரியாக, அதாவது ஷெரீப்பாக இருந்த தோரால்ட் என்று இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். டூம்ஸ்டே என்ற 1086-ஆம் ஆண்டு நிலக் கணக்கெடுப்பில் ஸ்பால்டிங்கும் போலிங்புரோக்கும் முதல் கணவர் ஈவோ பெயரில்தான் இருக்கின்றன. அவள் மூலமாக வந்த சொத்துக்கு அவர் பெயர்.

1135-ல் அவள் இரண்டு காரியங்கள் செய்தாள். ஸ்டிக்ஸ்வோல்டில் கன்னியருக்கு மடம் கட்டினாள், ஸ்பால்டிங் பண்ணையை அங்குள்ள துறவிகளுக்கே எழுதிவைத்தாள். தான் கொடுத்ததைப் பிள்ளைகள் பிறகு பிடுங்கிவிடக் கூடாது என்று ரொம்பவே பாடுபட்டிருக்கிறாள்.

தாய்வழிக்கு அந்தச் சாசனம் பலமான சான்றுதான். தோரால்டைத் தந்தை என்று எழுத உனக்கு இது போதுமா, இல்லை இன்னும் ஒரு பத்திரம் கேட்பாயா? கண் சரியானதும் எழுது, அவசரமில்லை.

அன்புடன்,
உன் தோழி