மதிலுக்கு உள்ளே நடப்பதை எங்கள் பிள்ளைகளும் பார்க்கட்டும்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தில் கார் தொழிற்சாலைகளை நடத்தும் நிர்வாகத்தினருக்கும், பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கும், சிப்காட் நிறுவனத்தாருக்கும்:

வணக்கம்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 18 ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வருகிறேன். எங்கள் பள்ளியின் மொட்டைமாடியில் நின்றால் ஒரு கார் தொழிற்சாலையின் நீண்ட வெள்ளைக் கூரை தெரியும். விடிவதற்கு முன்பே ஏ ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் எங்கள் ஊரைக் கடந்து போகின்றன. புதிய கார்களை இரண்டடுக்காக ஏற்றிய டிரெய்லர் லாரிகள் சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் பகலிலும் இரவிலும் புறப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார்கள் சந்தைக்கு வந்தபோது இங்கே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகள்தான் இப்போது என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் பத்தாம் வகுப்பில் ஒரு நாள், "கார் செய்வதை நேரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டபோது, இருந்த 41 பேரில் ஒருவரும் கை தூக்கவில்லை. அவர்களில் பலருடைய அப்பாவோ அம்மாவோ அந்த மதிலுக்கு உள்ளே வேலை செய்கிறவர்கள்.

அன்றுதான் கடிதம் எழுதத் தொடங்கினேன். நான்கு தொழிற்சாலைகளுக்கு எழுதினேன். இரண்டிடமிருந்து பதில் இல்லை. ஒன்று, பொறியியல் கல்லூரி மாணவர்களை மட்டுமே அனுமதிப்பதாகச் சொன்னது. நான்காவது தொழிற்சாலை எங்களை அழைத்தது. அதற்காக அதன் நிர்வாகத்துக்கு நான் மனமார நன்றி சொல்ல வேண்டும். அந்த ஒரு நாளில் என் மாணவர்கள் கற்றதையும், அந்த நாள் எல்லாப் பள்ளிகளுக்கும் ஏன் கிடைக்க வேண்டும் என்பதையும் உங்கள் முன் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் எங்களை ஓர் அரங்கில் உட்கார வைத்து, ஆங்கிலத்தில் 40 நிமிடம் ஒரு விளம்பரப் படம் காட்டினார்கள். பிள்ளைகள் அடக்கமாக இருந்தார்களே தவிர, அவர்கள் மனம் அதில் இல்லை. அதன் பிறகு ஐ.டி.ஐ. படித்துவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்து லைன் லீடராக உயர்ந்த ஒருவர் வந்து, "வாங்க தம்பி, வாங்கம்மா, மஞ்சக் கோட்டைத் தாண்டாம வரணும்" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனார். உண்மையான பாடம் அங்கே தொடங்கியது.

பிரஸ் ஷாப்பில் காதடைப்பானையும் மீறி, தரையின் அதிர்வு கால் வழியாக ஏறியது. பாய்ச் சுருள் போல வந்து இறங்கும் எஃகுத் தகடு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் உடையது, ஓர் அச்சிலிருந்து அடுத்த அச்சுக்குத் தாவித் தாவிச் சில நொடிகளில் கதவாக மாறிவிடுகிறது. பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தது அந்த ராட்சத இயந்திரத்தைத்தான். என் கண் மட்டும் அதன் கடைசியில், வரிசையாக எரியும் குழல்விளக்குகளுக்குக் கீழே நின்றிருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றது. கையுறை அணிந்த உள்ளங்கையை அவர் தகட்டின் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. மெழுகுக் குச்சியால் ஒரு சின்ன வட்டம் போட்டார். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு மாணவனை அருகில் அழைத்து, அவன் விரலையும் அந்த இடத்தில் வைக்கச் சொன்னார். மூன்றாவது முறை தடவிய பிறகுதான் "ஆமா சார், லேசா மேடா இருக்கு" என்றான். அந்த மேட்டின் மேல் பெயின்ட் அடித்தால் வெளிச்சத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்தப் பெண் விளக்கினார்.

பாடி ஷாப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல என்னை அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் என் பாடப்புத்தகம் உயிரோடு எழுந்து நின்றது. ஒரு காரின் உடலில் பொதுவாக 3,000 முதல் 5,000 வரை ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் இருக்கின்றன. ரோபோவின் கை இரண்டு செப்பு முனைகளால் இரண்டு தகடுகளைச் சேர்த்துக் கவ்வுகிறது, சில வோல்ட் அழுத்தத்தில், ஏறக்குறைய 10,000 ஆம்பியர் மின்னோட்டம் அரை நொடிக்கும் குறைவாகப் பாய்கிறது, பொறி பறக்கிறது, தகடுகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டுவதற்கென்று வெளியிலிருந்து வேறெந்த உலோகமும் சேர்ப்பதில்லை. "சார், எஃகே உருகுதே, செம்பு ஏன் உருகல?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஜூல் வெப்ப விதியை நான் அவளுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நடத்தியிருந்தேன். தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும், மின்தடைக்கும், மின்னோட்டம் பாயும் நேரத்துக்கும் நேர்த்தகவில் இருக்கும் என்பதை அவள் மனப்பாடமாக ஒப்பிப்பாள். இஸ்திரிப் பெட்டியையும் மின் உருகு இழையையும்தான் நான் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தேன். அங்கே நின்றபடியே அவளிடம் திருப்பிக் கேட்டேன்: "மின்தடை எங்கே அதிகம்?" அவள் சற்று யோசித்துவிட்டு, "ரெண்டு தகடும் தொட்டுக்கிற இடத்துல சார்" என்றாள். செம்பின் மின்தடை குறைவு, போதாக்குறைக்கு அதன் உள்ளே குளிர்நீர் ஓடுகிறது என்று லைன் லீடர் மீதியைச் சொல்லி முடித்தார். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கரும்பலகையில் மூன்று பாடவேளைகள் செலவழித்தும் என்னால் கொண்டுவர முடியாத தெளிவு அது.

பெயின்ட் ஷாப்புக்குள் எங்களை விடவில்லை, கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். ஒரு தலைமுடி விழுந்தாலும் கெட்டுப்போகும் இடம் என்பதால் அது நியாயமே. முழுக் கார் உடலும் தொட்டிக்குள் முங்கி எழுவதையும், மின்சாரம் பாய்ச்சி மூலை முடுக்கெல்லாம் வண்ணப்பூச்சின் முதல் படலம் படிய வைப்பதையும் பார்த்துவிட்டு, வேதியியலில் படித்த மின்முலாம் பூசுதல் நினைவுக்கு வருவதாகச் சிலர் சொன்னார்கள்.

அசெம்பிளி லைனில்தான் பிள்ளைகள் நகர மறுத்தார்கள். பொருத்திய கதவுகளைக் கழற்றித் தனியே அனுப்பிவிட்டு, உள்வேலை எல்லாம் முடிந்த பிறகு அதே கதவுகளை அதே காருக்கு மீண்டும் மாட்டுவது அவர்களுக்குப் புதிராக இருந்தது. மேலிருந்து உடல் இறங்க, கீழிருந்து எஞ்சினும் சக்கர அச்சுகளும் ஏறி வந்து இணையும் இடத்தைத் தொழிலாளர்கள் 'மேரேஜ்' என்று அழைப்பதைக் கேட்டதும் வகுப்பே கலகலத்தது. இப்போது மின்சாரக் கார்களுக்கு எஞ்சினுக்குப் பதிலாக மோட்டாரும் பேட்டரியும் வந்து அதே இடத்தில் சேர்கின்றன. அந்த லைனில் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு கார் நகர்ந்தது. ஒவ்வொருவரும் தன் வேலையை அந்த ஒரு நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். அடுத்த நிமிடம் அதே வேலை, அடுத்த காரில். சீட்டுகள் வேறொரு கம்பெனியிலிருந்து, எந்த வரிசையில் கார்கள் வருகின்றனவோ அதே வரிசையில், வந்து இறங்கிக்கொண்டிருந்தன. "எங்கம்மா தைக்கிற சீட்டு சார் இது" என்று ஒரு மாணவி என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அவளுடைய அம்மா பல ஆண்டுகளாக அந்த சீட்டு கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். தான் தைத்தது எந்தக் காரில், எந்த இடத்தில் போய்ப் பொருந்துகிறது என்று அவர் இன்றுவரை பார்த்ததில்லை.

லைனின் ஓரமாகத் தலைக்கு மேலே ஒரு கயிறு நீளமாகப் போகிறது. ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால் தொழிலாளி அதை இழுக்க வேண்டும். பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்து ஒரு மெட்டு ஒலிக்கும். உரிய நேரத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நின்றுவிடும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அது ஒரு முறை நடந்தது. "லைனை நிறுத்துனா திட்ட மாட்டாங்களா அண்ணா?" என்று ஒருவன் கேட்டான். "தெரிஞ்சே விட்டாத்தான் தம்பி திட்டுவாங்க" என்று பதில் வந்தது. அப்போது எங்களோடு வந்த ஒரு மாணவன், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து இங்கே குடிபெயர்ந்த நெசவாளர் குடும்பத்துப் பையன், "இழை அறுந்தா எங்க தாத்தாவும் உடனே தறியை நிறுத்திடுவாரு, இல்லன்னா அந்த எடம் சேலை முழுக்கத் தெரியும்" என்றான். அவனுக்குத் தெரியாமலேயே இந்தத் தொழிலின் வரலாற்றை அவன் தொட்டுவிட்டான். ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனமே தறியிலிருந்து வந்ததுதான். ஒரு தச்சரின் மகனான சகிச்சி டொயோடா, இழை அறுந்தால் தானே நின்றுவிடும் தானியங்கித் தறியை 1924-இல் முழுமைப்படுத்தினார். அவருடைய மகன் கீச்சிரோ தொடங்கிய கார் நிறுவனம் 1937-இல் தனி நிறுவனமாக ஆனது. குறை தென்பட்ட இடத்திலேயே வேலையை நிறுத்து என்ற தறியின் ஒழுங்குதான் காரின் லைனுக்கும் வந்தது. பேருந்தில் திரும்பும்போது இதைச் சொன்னேன். அந்தப் பையன் அன்று முழுவதும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நுழைவாயிலில் எங்கள் பிள்ளைகளில் ஏழு பேரை உள்ளே விடவில்லை. அவர்கள் செருப்பு அணிந்து வந்திருந்தார்கள். மூடிய காலணி இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது விதி. விதி சரியானதே, அதைக் காப்பாற்றிய காவலர்மீதும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எங்களுக்கு வந்த அனுமதிக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏழு பேரும் மூன்று மணி நேரம் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "உள்ள எப்படி சார் இருந்துச்சு?" என்பதுதான். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

நிர்வாகத்தினரே, நீங்கள் சொல்லக்கூடிய தடைகளை நான் அறிவேன். பாதுகாப்பு முதன்மையானது, அதற்குத் தலைக்கு மேல் ஒரு நடைபாதையும், 20 பேருக்கு மிகாத குழுவும், ஒன்பதாம் வகுப்புக்குக் குறையாத வயதும் போதும். வெளிவராத மாடல்களின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்றால், கைப்பேசிகளை வாயிலிலேயே வாங்கி வைத்துவிட்டு, அந்தப் பகுதியைத் திரையிட்டுக்கொள்ளலாம். உற்பத்தி தடைப்படும் என்ற கவலையும் வேண்டாம்; பிள்ளைகள் வந்தாலும் வராவிட்டாலும் அந்த லைன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஜப்பானில் ஐந்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்திலேயே மோட்டார் வாகனத் தொழில் இடம்பெறுகிறது. பத்து வயதுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கார் தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அமெரிக்காவின் டியர்பார்னில் ஃபோர்டு நிறுவனம் தன் ரூஜ் ஆலையை 1924-இலேயே பொதுமக்களுக்குத் திறந்து காட்டத் தொடங்கியது. அங்கே முடிந்தது இங்கே முடியாதிருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ லாபமோ ஈட்டும் நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கு வகுப்பறைகளும் கழிப்பறைகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றின் அருமையை அன்றாடம் உணர்கிறவன் நான். இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் மட்டுமே எங்களுக்குத் தரக்கூடிய பொருள் உங்கள் கதவுக்கு உள்ளே இருக்கிறது. மேசை நாற்காலியை யாரும் வாங்கித் தரலாம்.

சுற்றிக் காட்டும்போது விளம்பரப் படத்தைக் குறைத்து, வேலை செய்கிறவரைப் பேச விடுங்கள், தமிழில் பேச விடுங்கள். இங்கே யார் நிரந்தரத் தொழிலாளி, யார் பயிற்சியாளர், யார் ஒப்பந்தத் தொழிலாளி, எந்தப் படிப்புக்கு எந்த வேலை, எவ்வளவு சம்பளம் என்று பிள்ளைகள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மறைமலைநகரில் 2021-இல் ஒரு பெரிய கார் ஆலை உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அவர்களால் உண்மையைத் தாங்க முடியும்.

பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. இப்போது ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, தனித்தனியாக அனுமதி வாங்கி, பேருந்துக்குத் தானே பணம் திரட்ட வேண்டியிருக்கிறது. முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் இதற்கென ஒருவரை நியமித்து, ஆண்டுத் தொடக்கத்திலேயே தொழிற்சாலைகளோடு பேசி நாட்களைக் குறித்துவிட்டால், எந்தப் பள்ளியும் விடுபடாது. பிள்ளைகள் வருகைக்கான பாதுகாப்பு நெறிகளைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தைக் கொண்டு வகுத்துக்கொள்ளலாம். காலணி பற்றிய வரி அதில் முதலில் இருக்கட்டும். சிப்காட் நிறுவனத்தாரும் இனி நிலம் ஒதுக்கும்போது பார்வையாளர் நடைபாதையைக் கட்டட வரைபடத்திலேயே சேர்க்கச் சொல்லலாம். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலை ஒன்று திறக்கப்பட்டது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் இன்னொரு கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஊர்களின் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளைப் போல இரண்டு தலைமுறை வெளியே நிற்க வேண்டாம்.

இந்த ஆண்டு எங்கள் பள்ளியிலிருந்து 40 பேருக்கு அனுமதி கேட்டு நான்கு தொழிற்சாலைகளுக்கும் மறுபடி எழுதியிருக்கிறேன். அன்று காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்த ஏழு பேரும் இப்போது பதினோராம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர்களைத்தான் பட்டியலில் முதலில் எழுதியிருக்கிறேன். பெயருக்கு எதிரே ஒவ்வொருவரின் காலணி அளவும் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகம் காலணிகளை வாங்கித் தர ஒப்புக்கொண்டுவிட்டது. எந்த நாள் என்பதை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்