மலையகத்தில் சலூன் நடத்தும் சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கம் மணப்பெண் அலங்காரம் செய்யும் அக்காமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் கண் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தாதி. இமை தொங்குகிறது, வெட்டி எடுத்தால் சரியாகுமா என்று நம் பெண்கள் முதலில் கேட்பது உங்களிடம்தான். நீங்களும் நல்ல மனதோடு கொழும்பிலோ கண்டியிலோ ஒரு கிளினிக்கின் பெயரைச் சொல்லி அனுப்புகிறீர்கள். அதற்கு முன் ஒரு கண் வைத்தியரிடம் அனுப்புங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எல்லா இமையும் ஒரே காரணத்தால் தொங்குவதில்லை. வயதோடு தளர்ந்த தோல் என்றால் மேலிமை மடிப்பில் வெட்டி, மிஞ்சிய தோலை எடுத்துத் தைப்பார்கள். தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். இமையைத் தூக்கும் தசையே தளர்ந்திருந்தால் தோலை வெட்டிப் பயனில்லை, அதற்குச் சத்திரசிகிச்சையே வேறு. காலையில் சரியாக இருந்து மாலையானதும் இறங்கும் இமை, மயஸ்தீனியா என்ற தசைச்சோர்வு நோயாக இருக்கலாம். ஒரு பக்க இமை திடீரென்று விழுந்து, தலைவலியோ பார்வை இரண்டாகத் தெரிவதோ இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையில் கண்ணைச் சுற்றி வீங்குகிறவருக்குத் தைரொயிட், சிறுநீரகம், ஒவ்வாமை எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். ஒட்டு இமைமயிரின் பசையாலும் இமை வீங்குவது உங்களுக்குத் தெரிந்ததுதான். கருவளையமும் இறங்கிய புருவமும் இந்தச் சிகிச்சையால் சரியாகாது.

கண் எரிகிறது, மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்பவரை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஏற்கெனவே உலர்ந்த கண்ணில் தோலை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் இமை முழுதாக மூடாது, தூக்கத்திலும் கருவிழி காயும். எடுத்த தோலைத் திரும்ப வைப்பது லேசான காரியமில்லை.

வெட்டப்போகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா, இமைச் சத்திரசிகிச்சையில் பயிற்சி உள்ள விசேட வைத்திய நிபுணரா என்று உங்களிடம் வரும் பெண் வெட்கப்படாமல் கேட்கட்டும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் வைத்திய நிலையங்களும் பதிவு செய்திருக்க வேண்டும்.

எனக்கு அதிகம் பயம் தருவது திரும்பி வரும் பயணம். மேலிமை என்றால் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிக அரிதாக, ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு, கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து பார்வை நரம்பை அழுத்தும். இது பெரும்பாலும் முதல் 24 மணிநேரத்துக்குள் நடக்கும். ஓரிரு மணிநேரத்தில் அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வையே போகலாம். அந்த நேரத்தில் அவள் பஸ்ஸில் கினிகத்தேனை வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தால் யார் என்ன செய்ய முடியும்? முதல் இரவாவது சத்திரசிகிச்சை நடந்த ஊரிலேயே, துணைக்கு ஒருவரோடு தங்கச் சொல்லுங்கள். தங்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்கட்டும். வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் பிதுங்கினாலோ, பார்வை மங்கினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே சத்திரசிகிச்சை செய்தவரை அழைத்து அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 அம்புலன்ஸ் இலவசம்.

அஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் மருந்து தந்த வைத்தியரைக் கேட்காமல் தானாக நிறுத்தக் கூடாது. தடிமன், இருமல் இருந்தால் நாளைத் தள்ளிப்போடலாம்.

தையல் பிரிக்க 5 முதல் 7 நாள், வீக்கமும் கன்றலும் வடிய ஓரிரு வாரம் ஆகும். அதுவரை குனிந்து வேலை செய்யவோ பாரம் தூக்கவோ கூடாது. தலையில் கயிறு போட்டுக் கொழுந்து சுமக்கிறவளுக்கு அது இரண்டு வாரச் சம்பளம். அவள் நாள் குறிக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். கல்யாணப் பெண் என்றால் இரண்டு மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும். கண் மேக்கப் எப்போது போடலாம் என்பதை வைத்தியர் சொல்லட்டும், நீங்கள் அவசரப்படுத்த வேண்டாம்.

உங்கள் சங்கக் கூட்டத்தில் அரை மணிநேரம் ஒதுக்கினால், லீவு நாளில் வந்து நேரிலும் பேசுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்த் தாதி ஒருத்தி