ஆள்கடத்தலில் இருந்து மீண்டவர்களின் சிகிச்சைக்கு நிதி தருவோருக்கு, பழனி மலையில் இருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய அறக்கட்டளையினருக்கும், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் கிராமங்களில் களப்பணி செய்யும் பெண்களில் ஒருத்தி நான். நூல் மில்லிலும் எஸ்டேட்டிலும் சிக்கி மீண்டு வந்தவர்களுக்கு இங்கே நடக்கும் மனநல ஆலோசனை உங்கள் பணத்தில்தான் நடக்கிறது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கி டாக்டரைப் பார்த்துவிட்டு மலை ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் ஊருக்கே ஓர் ஆலோசகர் வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு மனதார நன்றி. நான் கேட்க வந்தது ஒன்றுதான்: இந்தப் பணத்தை ஒரு வருடத்துக்கு மட்டும் என்று தராதீர்கள்.

இங்கிருந்து பெண் பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காப்பிப் பழம் பறிப்பு முடிந்து கையில் வேலை இல்லாத மாதங்களில் ஆள் பிடிக்க ஒருவர் வருவார், பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். வீட்டுக்குக் கொஞ்சம் முன்பணம், பிள்ளைக்கு ஹாஸ்டல், மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்பார். சுமங்கலித் திட்டம் என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேம்ப் கூலி என்றும் சொல்வார்கள். எல்லா மில்லும் ஒன்று போல இல்லை. மோசமான இடத்தில் மாட்டியவளுக்குக் கேட்டைத் தாண்ட அனுமதி இருக்காது, வார்டன் பக்கத்தில் நின்றால்தான் வீட்டுக்குப் போன் பேசலாம். ‘அவளே சம்மதித்துத்தானே போனாள், இது எப்படிக் கடத்தல்?’ என்று உங்கள் கூட்டங்களிலேயே கேட்கிறார்கள். ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஆள் சேர்த்துச் சுரண்டினால் அது கடத்தல்தான், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வெளியே இருந்து யாராவது கொண்டி போட்டால் அவளுக்கு மூச்சு முட்டும். மிக்ஸி ஓடினால் எழுந்து வெளியே போய்விடுவாள். ஆலோசகர் வாரம் ஒரு முறை வருவார். அதற்காக எங்களுக்குக் கிடைத்த அறை ரேஷன் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. கதவைச் சாத்தினால் இவள் உட்கார மாட்டாள், திறந்து வைத்தால் வரிசையில் நிற்பவர்களுக்குப் பேச்செல்லாம் கேட்கும். கடைசியில் இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே பேசினார்கள். மழை, தம்பியின் படிப்பு, காப்பி விலை. வாரக்கணக்கில் இதே பேச்சுதான். உங்கள் மாதாந்திரப் படிவத்தில் இதை எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு ஒரு நாள் அவளாகவே எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் மில்லைப் பற்றி முதல் வார்த்தை பேசினாள்.

மார்ச் 31-ஆம் தேதியோடு திட்டம் முடிந்துவிட்டது. ஏப்ரல் சம்பளம் இல்லாததால் ஆலோசகர் வேறு வேலை தேடி மலை இறங்கினார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. வேறொரு இடத்தில் பணம் கிடைத்துப் புதியவர் வந்து சேர்ந்தபோது ஆவணி மாதம். அவர் கையில் ஒரு படிவம், அதன் முதல் கேள்வியே ‘என்ன நடந்தது, ஆரம்பத்தில் இருந்து சொல்லுங்கள்’ என்பதுதான். இவள் தலைவலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. அறிக்கையில் அவளை ‘இடைநின்றவர்’ என்று எழுதினார்கள். இடையில் நின்றது பணம்தானே?

சிகிச்சை முறைகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும் கண்ணை இருபுறமும் அசைக்க வைத்து அதிர்ச்சி நினைவைத் தணிக்கும் ஈ.எம்.டி.ஆர் முறையையும் உலக சுகாதார நிறுவனமே 2013-இல் பரிந்துரைத்திருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு அமர்வு போதும் என்று பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பின் சிகிச்சைக் கையேட்டில் இருப்பதைக் காட்டித்தான் நீங்கள் பட்ஜெட் போடுகிறீர்கள். ஒரு விபத்தில் தப்பியவருக்கு அது சரியாக இருக்கலாம். திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் என்பதும் அதே கையேட்டில் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டில் முதலாவது அமர்வுக்கு ஒருத்தி தயாராக வேண்டுமே, அதற்கே இங்கே ஒரு மழைக்காலம் ஆகிறது.

பிறகு கோர்ட் இருக்கிறது. இதைத்தான் நிதி தருபவர்கள் யாருமே கணக்கில் எடுப்பதில்லை என்று எனக்கு ஆதங்கம். கொத்தடிமையாக இருந்தார் என்று கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மறுவாழ்வுத் தொகையின் பெரும்பகுதி வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கோ வருடக்கணக்கில் நடக்கும். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, எல்லாம் ஆறிவிட்டது என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கும்போது சம்மன் வரும். அன்று ராத்திரியே பழைய கனவு திரும்ப வரும். கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், சம்பந்தப்பட்ட ஆள் எதிரிலேயே நிற்பான். அந்த வாரத்தில் அவளுக்குத் தெரிந்த, அவள் நம்புகிற ஆலோசகர் கூடவே பஸ் ஏறி திண்டுக்கல் வர வேண்டும். எங்கள் அனுபவத்தில் சிகிச்சை அதிகமாகத் தேவைப்படுவது அப்போதுதான், உங்கள் திட்டம் முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆன பிறகு.

சட்டம் இடம் தரவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். கம்பெனி நிதியைப் பொறுத்தவரை அது சரியில்லை. ஒரு திட்டத்தைத் தொடர் திட்டம் என்று அறிவித்தால், தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று நிதியாண்டு வரை நடத்தலாம் என்று விதியே இருக்கிறது. வெளிநாட்டு நிதி விஷயத்தில் கஷ்டம் உண்மைதான். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்தால் பெரிய தொண்டு நிறுவனம் தனக்கு வந்த பணத்தை எங்களைப் போன்ற சிறு குழுவுக்குப் பிரித்துத் தர முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் மருத்துவமனையில் டாக்டர் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்று யாரும் எழுதுவதில்லை. ஆலோசகர் சம்பளத்தையும் அவருடைய பஸ் செலவையும் மட்டும் ஏன் அந்தத் தலைப்பில் போட்டு வெட்டுகிறீர்கள்? இந்த வேலையில் மருந்து, கருவி, கட்டடம் எதுவும் இல்லை. அந்த மனுஷிதான் சிகிச்சையே.

போன் வழியாகச் செய்யலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 நல்ல ஏற்பாடு, நாங்களே அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் வீட்டுக்கு ஒரே போன், அது அண்ணன் சட்டைப் பையில் இருக்கும். சிக்னல் கிடைக்கும் பாறை மேல் நின்று எதைப் பேச முடியும்?

இன்னொன்றும் உண்டு. ஆண்டு அறிக்கைக்கு ‘மாற்றக் கதை’ கேட்கிறீர்கள், போட்டோவோடு. முகத்தை மறைத்தாலும் எங்கள் ஊரில் ஒரு தாவணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காப்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தந்த உரிமை. கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்கிறீர்கள். ஆலோசகர் வந்து போவது யார் பணத்தில் என்று தெரிந்த ஒருத்தி, அந்தத் தாளை நீட்டினால் மாட்டேன் என்றா சொல்வாள்?

ஏப்ரலில் தொடங்கும் ஒப்பந்தங்களை இப்போது எழுதிக்கொண்டிருப்பீர்கள். திட்டக் காலம் என்ற இடத்தில் நான்கு வருடம் என்று எழுதுங்கள். பத்து ஊருக்குப் பதில் மூன்று ஊர் என்றாலும் எங்களுக்குச் சம்மதம். கோர்ட் தேதிக்கு ஆலோசகர் கூடப் போகும் செலவுக்குத் தனியாக ஒரு தொகை வையுங்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ஆறு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். யாரிடம் எப்படி விடைபெறுவது, யாரை எந்த டாக்டரிடம் ஒப்படைப்பது என்று பார்த்துச் செய்ய எங்களுக்கு அந்த அவகாசம் வேண்டும்.

இப்படிக்கு,
களப்பணியாளர் ஒருத்தி,
கீழ்ப்பழனி மலை