பார்ட் டூ ஆர்டர் போட்டாயா?

அன்பு மகனுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனில் "நல்லா இருக்கேம்பா" என்று ஒரு வார்த்தையோடு வைத்துவிடுகிறாய். லைன் கிடைக்காத இடம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீயாகச் சொல்லாததை நான் கேட்கப்போவதில்லை. அமைதிப்படையோடு இலங்கையில் வவுனியாவில் இருந்தபோது நான் எழுதினதெல்லாம்கூட நலம், நலமறிய ஆவல்தான்.

உன்னோடு கபடி ஆடின, உன்னைப் போலவே பட்டாளத்தில் இருந்த பக்கத்து ஊர்ப் பையன் செத்துப்போன விஷயம் உனக்கும் வந்திருக்கும். உடல் வந்த அன்று மெயின் ரோட்டில் இருந்து ஊர் வரைக்கும் பிளெக்ஸ். கலெக்டர் வந்தார், மந்திரி வந்தார், தண்ணி டாங்க் மேல் ஏறி நின்று செல்போனில் எடுத்தார்கள். கொடியை மடித்து அவன் மனைவி, அந்தப் பெண் கையில் கொடுத்தபோது, "முகம் தெரியலை, இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க" என்று ஒருத்தன் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவள் திரும்பினாள் தம்பி. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

கூட்டம் வந்ததைக் குறை சொல்லவில்லை. ஒருத்தரும் வராத காலத்தைப் பார்த்தவன் நான். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ராத்திரி ஹெலிகாப்டரில் இறக்கிவிட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி பையன்கள் 30 பேர். 29 பேர் செத்தார்கள், ஒருவன் புலிகளிடம் பிடிபட்டான். 1990 மார்ச்சில் அமைதிப்படை திரும்பி வருவதற்குள் சுமார் 1,200 பேர் போய்விட்டார்கள். கடைசியாக வந்தவர்களை மெட்ராஸில் வரவேற்க முதலமைச்சரே போகவில்லை. நான் லீவில் வந்து காட்பாடியில் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டுப் பெரியவர், "நம்ம ஜனத்தைச் சுட்டுட்டுத்தானே வர்றீங்க?" என்றார். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நோயாளிகளும் செத்ததைக் கேள்விப்பட்டவர், அவர் கோபம் நியாயம்தான். ஆனால் எனக்குப் பக்கத்தில் விழுந்தவனுக்கும் ஒரு தாய் இருந்தாள். அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார ஊரில் ஆள் இல்லை. டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னத்தைத் திறந்து அவர்கள் பெயரைக் கல்லில் ஏற்ற 2019 ஆயிற்று. கொழும்பில் அதற்கு முன்பே சின்னம் கட்டிப் பெயரும் பொறித்துவிட்டார்கள்.

கார்கிலில் 527 பேர். டிவி வந்துவிட்டது, பெட்டிகளை ஊர் ஊராக அனுப்பினார்கள். திருச்சி மேஜர் சரவணன் உடல் ஒரு மாதத்துக்கு மேல் மலையிலேயே கிடந்து வந்தது, தெரியாத ஜனமெல்லாம் அழுதது. அந்த வருஷம் அதே பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். ஜனத்துக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தால் செத்தவன் தெய்வம், பிடிக்காவிட்டால் அவன் பெயரைக்கூட எடுக்க மாட்டார்கள். இரண்டு பேர் வீட்டிலும் அடுப்பு எரியாதது ஒன்றுதான்.

போன வருஷம், 2025 மே 10 சாயங்காலம், பாகிஸ்தானோடு சண்டை நின்றது என்று டிவியில் சொன்னபோது டீக்கடையில் ஒரே சத்தம், ஏன் நிறுத்தினார்கள் என்று. எனக்கு மனசுக்குள் எவ்வளவு நிம்மதி. நம் பையன் நாயக் ஆகிவிட்டான் என்று அதே கடையில் பெருமையாகச் சொன்னவன் நான், அன்றைக்கு வாய் திறக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் போன வாரம் நம் வீட்டுக்கு ஒரு ஃபைலோடு வந்தாள். கல்யாணத்துக்கு அவன் பார்ட் டூ ஆர்டரே போடவில்லை, அதாவது கல்யாணம் ஆனதைப் பட்டாளத்து ரெக்கார்டில் ஏற்றவே இல்லை. இன்சூரன்ஸில் நாமினி அவன் அம்மா பெயர். அம்மாவும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள், அவளும் பெற்றவள்தானே. வேலூரில் படைவீரர் நல அலுவலகத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். பிளெக்ஸில் கைகூப்பி நின்ற ஒருத்தரும் கூட வரவில்லை. முப்பதாம் நாள் முடிந்ததும் ஜனம் அடுத்த வேலைக்குப் போய்விடும். காகிதம் ஒன்றுதான் பேசும்.

நீ போட்டுவிட்டாயா? உனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. போனில் கேட்கலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், மருமகளும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இதைக் கேட்டால் வேறு எதையோ கேட்கிற மாதிரி ஆகிவிடும். ஊரில் எல்லார் ஃபாரத்தையும் பூர்த்தி பண்ணிக் கொடுக்கிறவன், உன் காரியத்தில் மட்டும் என்ன சோம்பல்? ஹெட் கிளார்க்கிடம் போ. கல்யாண சர்டிபிகேட் நகல் இதனுடன் வைத்திருக்கிறேன். ஏ.ஜி.ஐ. என்கிற ராணுவ இன்சூரன்ஸ் படிவத்திலும் சேமநிதி ஃபண்டிலும் என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடு. எனக்கு என் பென்ஷன் போதும். வருத்தப்படுவேன் என்று நினைத்துத் தள்ளிப்போடாதே. லீவுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லாதே.

கிணற்று மோட்டார் ரிப்பேர் ஆயிற்று. அக்கா பெண் பெரியவளாகிவிட்டாள், சடங்கு தையில். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். ஆர்டர் நம்பர் வந்ததும் என் போனுக்கு நம்பரை மட்டும் அனுப்பு. பார்ட் டூ ஆர்டர் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

இப்படிக்கு,
அப்பா