வதந்திக்கும் இலக்கணம் உண்டு: மொழியியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் மொழியியல், தமிழ்த் துறைப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் மெய்ப்புத் திருத்துபவன். நாள் முழுக்க அடுத்தவர் எழுதிய வாக்கியங்களைப் பார்ப்பதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் கண்ணில் பட்ட சிலவற்றை உங்களிடம் சொல்லி, ஒரு கோரிக்கையும் வைக்கவே இந்த மடல்.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி அடித்தே கொன்றுவிட்டார்கள். வடமாநிலக் கும்பல் குழந்தைகளைக் கடத்துகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அப்போது அந்தப் பக்கமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. காவல்துறை கைது செய்தது. வாட்ஸ்அப் நிறுவனம் அந்த ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சரி, ஓர் ஊரையே கொலை வரை கொண்டுபோன அந்த வாக்கியங்கள் எப்படிக் கட்டப்பட்டிருந்தன? அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று சொல்லும்போது, "மூணு பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம்" என்பார். அந்த 'ஆம்' சின்ன ஒட்டுதான். ஆனால் "நான் பார்க்கவில்லை, காதில் விழுந்தது" என்ற முழு வாக்குமூலமும் அதில் இருக்கிறது. பாட்டி சொல்லும் கதையிலும் ராஜா 'இருந்தானாம்', இருந்தான் அல்ல. 'என்ப', 'என்மனார் புலவர்' என்று முன்னோர் சொன்னதை முன்னோர் சொன்னதாகவே தொல்காப்பியர் எழுதிவைத்த மொழி இது. அதே செய்தி ஃபார்வர்டாக எழுத்தில் வரும்போது "மூன்று குழந்தைகளைத் தூக்கிச் சென்றுள்ளனர்" என்று ஆகிவிடுகிறது. 'ஆம்' போய்விட்டது, கேள்விப்பட்டது நடந்ததாகிவிட்டது. பொய் சொல்லும் எண்ணமே இல்லாத ஒருவர், எழுத்துத் தமிழ் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்கூட அதை உதிர்த்துவிடலாம். எந்தக் கைமாற்றத்தில் அது உதிர்கிறது? குரல் பதிவில் நிற்கிறதா? ஊடகங்களின் 'கூறப்படுகிறது' அந்த இடத்தை நிரப்புகிறதா, அல்லது யார் கூறியது என்பதையும் சேர்த்து மறைக்கிறதா? இவையெல்லாம் எண்ணிப் பார்த்துச் சொல்லக்கூடிய கேள்விகள்.

எழுவாயும் அப்படித்தான். "நாலு பேரைப் பிடிச்சிருக்காங்க." யார் பிடித்தார்கள்? போலீஸா, ஊர்க்காரர்களா? தமிழ் வாக்கியம் அதைச் சொல்லாமலே நிறைவடைந்துவிடும், கேட்பவருக்கும் குறையாகத் தோன்றாது. அப்புறம் 'நேற்று இரவு', 'நம்ம ஏரியாவில்' போன்ற சொற்கள். தேதியும் ஊர்ப்பெயரும் இல்லாததால் அந்தச் செய்தி எந்த நாளிலும் நேற்று இரவு நடந்ததுதான், எந்த ஊருக்குப் போனாலும் நம்ம ஏரியாதான்.

ஆங்கிலத்தில் இந்த வேலை நடந்திருக்கிறது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கற்பனையாகவும் திருடியும் செய்தி எழுதி 2003இல் பிடிபட்ட ஜேசன் பிளேரின் கட்டுரைகளை, ஜாக் கிரீவ், ஹெலெனா வுட்ஃபீல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். எழுதியவர் ஒருவரே, நாளிதழும் ஒன்றே. ஆகவே, உண்மைக் கட்டுரைக்கும் பொய்க் கட்டுரைக்கும் மொழியில் வேறுபாடு தெரிந்தால் ஆளையோ பத்திரிகையின் நடையையோ காரணம் காட்டிவிட முடியாது. பொய்யில் தகவல் அடர்த்தி குறைவு, சொல்வதில் உறுதியும் குறைவு என்று கண்டார்கள். அருமையான ஆய்வு. ஆனால் அதன் முடிவை அப்படியே தமிழுக்குப் பொருத்த முடியாது என்பது என் எண்ணம். நமக்கு எழுத்துத் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் ஒன்று. வதந்தி இரண்டு வேடமும் போடும். 'சென்றுள்ளனர்' என்று செய்தி வாசிப்பவர் குரலில் வந்து அதிகாரம் காட்டும். 'உஷாரா இருங்க மக்களே' என்று சொந்தக்காரர் குரலில் வந்து நெருக்கம் காட்டும். இதைப் பிரித்தறியும் காது ஆங்கிலத்துக்காகச் செய்த கருவிக்கு வராது.

இங்கே ஓர் அச்சமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. நாளைக்கே யாராவது ஒரு மென்பொருள் செய்து, கொச்சையாக எழுதினால் பொய், இலக்கண சுத்தமாக எழுதினால் மெய் என்று முத்திரை குத்தத் தொடங்கினால் அடிபடுவது பள்ளிப்படிப்பு குறைந்தவர்களும் வட்டார வழக்கில் எழுதுபவர்களும்தான். மொழியின் அடையாளம் சந்தேகத்தை எழுப்பலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த எல்லையை அழுத்திச் சொல்லும் தகுதியும் மொழியியலாளர்களுக்கே இருக்கிறது.

2023 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கிக் கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களின் இரு தரப்புக்குள் நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல், இரண்டுமே பழையவை என்று தமிழகக் காவல்துறை விளக்கம் கொடுத்தது. அதற்குள் பயந்துபோன தொழிலாளர்கள் பலர் ரயில் ஏறியிருந்தார்கள். வீடியோவில் யார் எந்த மொழியில் கத்துகிறார்கள் என்பதே அந்த வதந்திக்கு எதிரான சாட்சியாக இருந்திருக்கலாம். தமிழும் இந்தியும் போஜ்புரியும் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டு, எழுத்தில் கொடுத்தால் போதும். அந்த நேரத்தில் ஒரு பல்கலைக்கழகத் துறை முன்வந்து பேசினால் அதன் சொல்லுக்குத் தனி மதிப்பு இருக்கும்.

என் கோரிக்கை இதுதான். அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் உயராய்வு மையம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பேச்சுவழக்குகளைப் பதிவு செய்யும் பயிற்சி பல காலமாக இருக்கிறது. அதே பயிற்சியைக் கொண்டு தமிழ் வதந்திகளுக்கு ஒரு சேமிப்பகம் தொடங்குங்கள். பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு, எழுத்தானாலும் குரலானாலும், கிடைத்த தேதியோடும் மாவட்டத்தோடும் சேர்த்து வையுங்கள். ஒரே செய்தியின் எல்லா வடிவங்களும் வேண்டும். திருத்தப்பட்ட ஒரு சொல்லில்தான் ஆய்வே இருக்கும். தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகம் எது பொய் என்று சொல்கிறது. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கினால் தொடக்கத்துக்கு அதுவே போதும். முதுகலை மாணவர்களிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள், அவர்கள் வீட்டுக் குழுக்களிலேயே தரவு குவிந்து கிடக்கும்.

போன் மாற்றும்போதும் இடம் போதவில்லை என்று அழிக்கும்போதும் 2018இன் செய்திகள் போய்க்கொண்டே இருக்கின்றன. வரும் கல்வியாண்டின் ஆய்வேட்டுத் தலைப்புகளை முடிவு செய்யும் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வைத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு மெய்ப்புத் திருத்துபவன்