வயதை விடுத்து இசையைப் பேசுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு வயதிலேயே இசையில் புகழ்பெற்றவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாலித் தீவில் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர் ஜோயி அலெக்சாண்டரையும் அதில் சேர்த்திருந்தது நிறைவளித்தது. ஜாஸ் இசையைப் பற்றித் தமிழ் நாளிதழில் ஒரு பத்தி வருவதே அரிது. ஆனால் அந்தப் பத்தி, 2016-ஆம் ஆண்டு கிராமி இசை விருது விழா மேடையில் 12 வயதுச் சிறுவனாக அவர் வாசித்ததோடு முடிந்துவிட்டது. 2003-இல் பிறந்த அவர் இன்று இருபது வயதைக் கடந்துவிட்டார். நியூயார்க்கின் பேர்ட்லாண்ட் போன்ற ஜாஸ் கிளப்புகளில் தம் மூவர் குழுவோடு வாசித்துவரும் அந்த இளைஞரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அவருடைய சிறுவயதுச் சாதனையை நான் சற்றும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆறு வயதில் ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மங்கின் ஓர் உருப்படியைக் காதால் கேட்டே வாசிக்கத் தொடங்கியவர் அவர். 2014-இல் டிரம்பெட் மேதை வின்டன் மார்சாலிஸின் அழைப்பில் நியூயார்க்கின் ‘ஜாஸ் அட் லிங்கன் சென்டர்’ அமைப்பின் விழாவில் வாசித்தார். மறு ஆண்டு வெளிவந்த முதல் இசைத்தொகுப்பில் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ இடம்பெற்றது. நம் கச்சேரி ரசிகர்களுக்குப் புரியும்படி சொன்னால், அந்த உருப்படியில் ஆதார சுருதியே மூன்று இடங்களுக்கு மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். அதுவும் மிக விரைந்த காலப்பிரமாணத்தில். 1959-இல் கோல்ட்ரேன் அதைப் பதிவு செய்தபோது பியானோ வாசித்த டாமி ஃபிளானகன் போன்ற தேர்ந்த கலைஞரே தனியாக மனோதர்மம் வாசிக்கத் தம் முறை வந்தபோது தயங்கித் தயங்கி வாசித்ததை அப்பதிவில் இன்றும் கேட்கலாம். அதே உருப்படியைப் பதினோரு வயதில் ஒருவர் தெளிவாக வாசித்துப் பதிவு செய்தார் என்பது வியப்புக்குரியதே. உலகம் வியந்தது முறையானதுதான்.

ஆனால் அந்தத் தொகுப்பில் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே பிறர் இயற்றியவை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். 2016-இல் வந்த ‘கவுன்ட்டவுன்’ தொகுப்பில் அவர் இயற்றியவை சில சேர்ந்தன. 2020-இல் வந்த ‘வர்ணா’வில் பெரும்பாலானவை அவருடையவை. 2022-இன் ‘ஆரிஜின்’ தொகுப்போ முழுவதும் அவர் இயற்றியது. பிறர் இசையை அற்புதமாக வாசித்த ஒரு சிறுவர், தாமே சொல்ல ஏதேனும் உள்ள ஓர் இசையமைப்பாளராக வளர்ந்த வரலாறு இந்த ஏழு ஆண்டுகளில்தான் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையில் மிகவும் எழுதத்தக்க பகுதி இதுவே. கட்டுரையில் விடுபட்டதும் இதுவே.

இந்த வளர்ச்சியை அறிய ஜாஸ் கிளப்பைப் போன்ற இடம் வேறில்லை. விழா மேடையில் நான்கு நிமிடம் கிடைக்கும். அதற்குள் விரல் வேகத்தைக் காட்டினால் கைதட்டல் நிச்சயம். கிளப் என்பது சிறிய அறை. மேசைகளைச் சுற்றி அமர்ந்திருக்கும் ரசிகர்கள் கலைஞரின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். நியூயார்க்கின் பெரிய கிளப்புகளில் ஓர் இரவுக்குப் பொதுவாக இரண்டு அமர்வுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தை ஒட்டி நீளும். வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நேரத்தைக் கடத்த முடியாது. முதல் அமர்வில் வாசித்த உருப்படியையே இரண்டாவதில் எடுத்தாலும் அது வேறாக வர வேண்டும் என்று ரசிகர் எதிர்பார்ப்பார். மூவர் குழுவில் பாஸ் என்னும் கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியத்தை வாசிப்பவர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது அதற்கு இடம் கொடுக்கவும், டிரம்ஸ் கலைஞரோடு நான்கு நான்கு தாளச் சுற்றாக மாறி மாறி வாசிக்கும்போது அவர் விட்ட இடத்திலிருந்து எடுக்கவும் தெரிய வேண்டும். கல்பனாஸ்வரத்தில் வயலின் கலைஞருக்கு வித்வான் செவிகொடுக்கிறாரா என்று கூர்ந்து பார்க்கும் நம் ரசிகர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் மூத்த ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1952-இல், பதினோரு வயதில், சிகாகோ சிம்ஃபனி இசைக்குழுவோடு மோட்சார்ட்டின் பியானோ கான்செர்ட்டோ ஒன்றின் முதல் பகுதியை வாசித்தவர் அவர். அதே சிகாகோ நகரில், 1965 டிசம்பரில், பிளக்ட் நிக்கல் என்னும் கிளப்பில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவோடு அவர் வாசித்தவை பதிவாகியுள்ளன. அவற்றில் பல இடங்களில் ஹான்காக் பியானோவைத் தொடாமலேயே காத்திருப்பார்; மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, தேவையான ஒரு சுரக்கூட்டை மட்டும் வைப்பார். மோட்சார்ட் வாசித்த சிறுவரிடம் இந்தப் பொறுமை இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். இன்று உலகம் அவரை ‘மெய்டன் வாயேஜ்’ என்னும் உருப்படியை இயற்றியவராகத்தான் போற்றுகிறது. இதே ஹான்காக் ஜகார்த்தாவுக்கு வந்திருந்தபோது எட்டு வயது ஜோயி அவர் முன் வாசித்தார் என்பதும், அவர் தந்த நம்பிக்கையால்தான் தம் சிறுவயதை ஜாஸுக்கு ஒப்படைத்ததாக ஜோயி பின்னர் கூறினார் என்பதும் கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டியவை.

நம்மிடையே இதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் 1983-இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவருக்கு வயது 14. அந்தச் செய்தியை இன்றும் எழுதுகிறோம். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலின், தபலா கலைஞர் ஜாகிர் உசேன் ஆகியோரோடு ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் அவர் வாசித்த ஆண்டுகளைப் பற்றி, அவர் 2014-இல் மறைவதற்கு முன்பும் பின்பும், அதே அக்கறையோடு நாம் எழுதியதில்லை. இது எனக்கு நீண்டநாள் வருத்தம்.

ஆகவே தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஜோயி அலெக்சாண்டரின் ‘ஆரிஜின்’ தொகுப்பையும் அதன் பின் வந்தவற்றையும் முழுமையாகக் கேட்டு எழுதக்கூடிய ஒருவரிடம் ஒரு விமர்சனக் கட்டுரை கேட்டு வெளியிடுங்கள். மேற்கத்திய இசையும் நம் இசையும் அறிந்தவர்கள் சென்னையிலேயே பலர் இருக்கிறார்கள். அக்கட்டுரையில் அவருடைய வயதைத் தலைப்பில் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நீண்டநாள் வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.