பாட்டைப் பகிர்ந்தால் எவ்வளவு அபராதம் நியாயம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் பாட்டுகளைத் திருட்டுத்தனமாகப் பகிர்கிறவர்களுக்கு வாழ்நாளில் மறக்காத அளவு அபராதம் போட வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் கோபம் புரிகிறது, அபராதமே வேண்டாம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அமெரிக்காவில் அப்படித்தான் பெரிய தொகையை நஷ்டஈடாகக் கட்டச் சொன்னார்கள், என்ன ஆயிற்று? மின்னசோட்டாவில் ஒரு பெண் கஸா என்ற மென்பொருள் வழியாக 24 பாட்டுகளைப் பகிர்ந்ததாக வழக்கு. 2007இல் ஜூரிகள், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, 2,22,000 டாலர் கட்டச் சொன்னார்கள், 2009 மறுவிசாரணையில் அது 19,20,000 டாலர் ஆனது, அதாவது பாட்டுக்கு 80,000! நீதிபதிக்கே பொறுக்காமல் 54,000 ஆகக் குறைத்தார், அப்புறம் இன்னொரு ஜூரி 15 லட்சம் என்றது, கடைசியில் 2012இல் மேல்முறையீட்டில் பழைய 2,22,000 டாலரே நிலைத்தது. அந்தக் காலத்தில் ஒரு பாட்டை ஒரு டாலருக்குள் காசு கொடுத்தே இறக்கிக்கொள்ளலாம். உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று நிரூபிக்காமலே ஒரு படைப்புக்கு 750 டாலரிலிருந்து, வேண்டுமென்றே செய்ததாக இருந்தால் 1,50,000 டாலர் வரை கேட்க அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதிவிட்டுக் குறைக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்துக் காசு வாங்குகிற கடைக்காரரும், தோழிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்புகிற கல்லூரிப் பெண்ணும் ஒன்றா? எங்கள் தர்மபுரிப் பக்கம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது, அந்த வீட்டுப் பிள்ளைக்கு 50,000 என்றால் படிப்பே நின்றுபோகும்.

பாட்டு எழுதியவர்களும் இசையமைத்தவர்களும் ஏமாறக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சினிமாப் பாட்டின் ராயல்டியில் (பாட்டைப் பயன்படுத்துவதற்குக் கிடைக்கும் தொகையில்) அவர்கள் பங்கைத் தயாரிப்பாளர்கள் எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி 2012இல் சட்டத்தைத் திருத்தியது ரொம்ப நல்ல காரியம். ஆனால் கிரிமினல் வழக்கில் கட்டுகிற அபராதம் பொதுவாக அரசு கஜானாவுக்குத்தானே போகிறது, பாடலாசிரியருக்கு அதில் என்ன கிடைக்கிறது? காசு பார்க்காமல் பகிர்ந்தவர்களிடம் முதலில் எச்சரிக்கை, மீறினால் பாட்டின் விலையைப்போல் சில மடங்கு வசூலித்து அதைப் படைப்பாளிகளிடமே சேர்க்கலாம். பெரிய அபராதத்தை, திருட்டுப் பாட்டுத் தளம் நடத்தி விளம்பரத்தில் சம்பாதிக்கிறவர்கள் மேல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.